ஆவாரஞ் செடியின் அடிமண்

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல். அதைத் தாண்டினால் ஓசூர். இந்தப் பக்கத்தில் ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் தரை. கன்னடத்தில் அதைக் கோமாளா என்பார்கள். தமிழில் மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்போம்.

அந்த ஊரில் ஒரு மகளிர் சங்கம். சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். மேய்ச்சல் தரையில் குழி எடுத்தார்கள். நாற்றங்காலில் இருந்து செடிகள் வாங்கினார்கள். தலையில் சுமந்து போய் நட்டார்கள். குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார்கள்.

அடுத்த கோடையில் போய்ப் பார்த்தார்கள். நூறு செடி நட்ட இடத்தில் பத்துக்கூட இல்லை. கையில் பட்டதெல்லாம் காய்ந்த குச்சி.

"நம்ம உழைப்பெல்லாம் வீணாப் போச்சே பாட்டி" என்றாள் ஒரு பெண்.

ஆடு மேய்க்கும் பாட்டி சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கண்ணு, செத்ததை எண்ணாதே. பிழைச்சதைப் பாரு. பிழைச்சது எங்கே நிக்குது?"

எல்லோரும் பார்த்தார்கள். உயிரோடு இருந்த செடிகள் பழைய ஆவாரம் புதர்களை ஒட்டியே நின்றன.

ஏன் அப்படி? ஆவாரஞ் செடியின் அடியில் அப்படி என்ன இருக்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

மண்ணுக்கும் உயிர் உண்டு

மண் என்றால் வெறும் தூசி என்று நினைக்கிறோம். அது சரியல்ல. நல்ல மண்ணை ஒரு தேக்கரண்டி எடுங்கள். அதில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவற்றை நுண்ணுயிர்கள் என்கிறோம்.

நுண்ணுயிர்களில் சில நோய் தருபவை. பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பல நமக்கு வேலை செய்கின்றன. பாலைத் தயிராக்குவது நுண்ணுயிர். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் நுண்ணுயிர். உதிர்ந்த இலையை மக்க வைத்து எருவாக்குவதும் நுண்ணுயிர்தான்.

செடியின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது ஒரு பூசணம். அது வேருக்குள்ளே புகுந்து வாழும். அதனால் அதற்கு வேர் உட்பூசணம் என்று பெயர். விவசாயிகள் அதைச் சுருக்கமாக "வேம்" என்பார்கள்.

பூசணம் செய்யும் வேலை என்ன?

இந்தப் பூசணம் நூல் போன்றது. நூல் என்றாலும் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. ஒரு முனை வேருக்குள் இருக்கும். மறுமுனை மண்ணுக்குள் ஓடும். ஒரு கிராம் மண்ணிலேயே பல மீட்டர் நீள நூல் இருக்கக்கூடும்.

பெங்களூர், கோலார், ஓசூர் பக்கம் செம்மண் அதிகம். செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு. அந்த இரும்பு ஒரு தொல்லையும் செய்கிறது. மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மணிச்சத்து இல்லாமல் வேர் ஓடாது, பூ பிடிக்காது.

மணிச்சத்து மண்ணில் இருக்கும். ஆனால் அது நகராது. தண்ணீரோடு ஓடி வேரிடம் வராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ள மணிச்சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் வேருக்குக் கை எட்டாது.

பூசணத்துக்குக் கை எட்டும். அதன் நூல்கள் பல சென்டிமீட்டர் தூரம் போகும். வேர் நுழைய முடியாத சந்தில் எல்லாம் நுழையும். மணிச்சத்தை எடுத்துவந்து வேருக்குக் கொடுக்கும். துத்தநாகம் போன்ற சத்துகளையும் கொண்டுவரும். வறட்சிக் காலத்தில் செடி தாக்குப்பிடிக்கவும் உதவும்.

சும்மா கொடுக்குமா? கொடுக்காது. செடி தன் இலையில் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. அதில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை பூசணத்துக்குப் போகிறது. செடி சோறு போடுகிறது. பூசணம் வேலை செய்கிறது. இது ஒருவரை ஒருவர் ஏய்க்காத கூட்டு.

இந்தக் கூட்டு இன்று நேற்று வந்ததல்ல. ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்ற ஊர் இருக்கிறது. அங்கே கல்லாகிப்போன பழங்காலச் செடிகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 40 கோடி ஆண்டுகள். அந்தச் செடிகளுக்கு உள்ளேயும் இந்தப் பூசணம் இருந்தது. செடிகள் தரையில் வாழத் தொடங்கிய காலத்திலேயே இந்த உறவும் தொடங்கிவிட்டது.

பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி

பெங்களூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1964-ல் தொடங்கியது. ஜி.கே.வி.கே. என்றால் பஸ் நடத்துனருக்கும் தெரியும். அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டி.ஜே. பாக்யராஜ். வேர் உட்பூசணத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

1980-ல் அவரும் மஞ்சுநாத் என்பவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது சாதாரண மண். வேகவைத்துச் சுத்தம் செய்த மண் அல்ல. அதில் பருத்தி, தட்டைப்பயறு, கேழ்வரகு மூன்றையும் வளர்த்தார்கள். பூசணம் சேர்த்த செடிகள் நன்றாக வளர்ந்தன. நம் கேழ்வரகுக்கும் இந்தப் பூசணம் தோழன் என்று தெரிந்தது.

1984-ல் சூபாபுல் செடியில் செய்த சோதனையின் முடிவு வந்தது. அதில் இரண்டு நுண்ணுயிர்களைச் சேர்த்தார்கள். ஒன்று பூசணம். மற்றொன்று ரைசோபியம் என்ற பாக்டீரியா. ரைசோபியம் வேரில் சிறு முடிச்சுகளை உண்டாக்கும். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். ஒன்று மணிச்சத்து தந்தது. மற்றது தழைச்சத்து தந்தது. இரண்டும் சேர்ந்தபோது செடிக்கு நல்ல பலன் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயறு இனத்துச் செடிகள் எல்லாவற்றுக்கும் வேர்முடிச்சு வராது. கொழிஞ்சியைப் பிடுங்கிப் பாருங்கள், முடிச்சு இருக்கும். புங்கன் வேரிலும் இருக்கும். ஆவாரையில் இருக்காது. அதனால் ஆவாரைக்குப் பூசணத்தின் துணை இன்னும் முக்கியம்.

இந்தப் பூசணத்தில் ஒரு சிக்கல் உண்டு. உயிருள்ள வேர் இல்லாமல் அது வளராது. தயிருக்கு உறை ஊற்றுவது போலப் பாத்திரத்தில் பெருக்க முடியாது. என்ன செய்வது? ஏதாவது ஒரு செடியின் வேரில்தான் பெருக்க வேண்டும். எந்தச் செடி நல்லது? பெங்களூரில் பல செடிகளை வைத்துச் சோதித்தார்கள். ரோட்ஸ் புல் என்ற தீவனப் புல் நல்ல பலன் தந்தது. ஸ்ரீனிவாசா என்பவரும் பாக்யராஜும் 1988-ல் இதை வெளியிட்டார்கள்.

அறிவியல் உலகம் அந்தப் பேராசிரியரை ஒரு புது விதத்தில் கௌரவித்தது. குளோமஸ் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பூசணத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

மேய்ச்சல் தரை ஏன் செத்துப்போகிறது?

இப்போது மேய்ச்சல் தரைக்கு வருவோம்.

முதலில் ஆவாரையை வெட்டினார்கள். அதன் பட்டை தோல் பதனிட உதவும். விராலியை விறகுக்கு வெட்டினார்கள். ஆடு மாடுகள் பெருகின. மேய்ச்சல் தரையோ சுருங்கியது. சில இடத்தில் கட்டடம் வந்தது. சில இடத்தில் தைல மரம் வந்தது. மிச்சம் இருந்த சிறு இடத்தில் எல்லா ஆடும் மேய்ந்தன. புல் தலை தூக்க நேரம் கிடைக்கவில்லை.

செடி போனது. அதோடு வேரும் போனது. வேர் போனதும் பூசணத்துக்குச் சோறு இல்லை. அதன் நூல்கள் அறுந்தன.

அந்த நூல்கள் மண் துகள்களைக் கட்டி வைத்திருந்தன. பூ கட்டிய நாரைப் போல. நார் அறுந்தால் பூ உதிரும் அல்லவா? மண்ணும் உதிர்ந்தது. மழை வந்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. பூசணத்தின் வித்துகள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும். அவையும் மண்ணோடு போயின. கீழே இருந்த கெட்டித் தரை மேலே வந்தது. தண்ணீர் அதற்குள் இறங்காமல் வழிந்து ஓடியது.

அந்தத் தரையில்தான் சங்கத்துப் பெண்கள் செடி நட்டார்கள். செடிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் அதற்குத் தோழன் இல்லை.

பழைய ஆவாரம் புதரின் அடியில் மட்டும் கதை வேறு. அங்கே நிழல் இருந்தது. உதிர்ந்த இலை மக்கியிருந்தது. வேர் உயிரோடு இருந்தது. எனவே பூசணமும் இருந்தது. பக்கத்தில் நட்ட புதுச் செடியின் வேரில் அது உடனே ஒட்டிக்கொண்டது.

பாட்டிக்குப் பூசணம் தெரியாது. ஆனால் புதரடி மண் வேறு என்று தெரியும். வெயில் நேரத்தில் ஆட்டுக்குட்டி எங்கே போய்ப் படுக்கிறது என்று பார்த்தவர் அவர்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு கண்ணாடித் தம்ளர் போதும்.

புதருக்கு அடியில் ஒரு சிறு மண்கட்டி எடுங்கள். வெட்டவெளியில் ஒரு மண்கட்டி எடுங்கள். இரண்டையும் நிழலில் காய வையுங்கள். பிறகு தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, மெதுவாக உள்ளே விடுங்கள்.

உயிருள்ள மண் கட்டியாகவே நிற்கும். சீக்கிரம் கரையாது. உயிரற்ற மண் பொலபொலவென்று உதிரும். தண்ணீர் கலங்கிவிடும். மழையில் உங்கள் நிலத்துக்கு நடப்பதும் இதுதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

ஸ்பெயின் நாட்டில் அல்மேரியா என்ற வறண்ட பகுதி இருக்கிறது. அங்கேயும் நிலம் பாழாகிவிட்டது. அங்கே ஒரு நாட்டுப் புதர்ச்செடி உண்டு. ஆவாரையைப் போல மஞ்சள் பூ பூக்கும். விஞ்ஞானிகள் அதன் நாற்றுகளோடு அந்த மண்ணின் சொந்தப் பூசணங்களைச் சேர்த்தார்கள். ரைசோபியத்தையும் சேர்த்தார்கள். பிறகு தரிசில் நட்டு ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள்.

செடிகள் நன்றாக வந்தன. அதோடு நிற்கவில்லை. செடியைச் சுற்றிய மண்ணிலும் தழைச்சத்து கூடியது. மக்கு கூடியது. தண்ணீரில் கரையாத மண்கட்டிகள் கூடின. ஒவ்வொரு புதரும் ஒரு சிறு தீவு போல ஆனது. அங்கிருந்து பூசணம் சுற்றிலும் பரவ வழி கிடைத்தது. 2001-ல் இந்த முடிவு வெளியானது. வெளியிலிருந்து கொண்டுவந்த பூசணத்தை விட உள்ளூர்ப் பூசணமே மேல் என்றும் தெரிந்தது.

நெதர்லாந்து நாட்டில் இன்னொரு சோதனை. பயிர் செய்து கைவிட்ட நிலத்தில் மேல்மண்ணை அகற்றினார்கள். ஒரு பகுதியில் புல்வெளி மண்ணை மெல்லியதாகத் தூவினார்கள். இன்னொரு பகுதியில் புதர்க்காட்டு மண்ணைத் தூவினார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். புல்வெளி மண் தூவிய இடம் புல்வெளியை நோக்கிப் போனது. புதர்க்காட்டு மண் தூவிய இடம் புதர்க்காட்டை நோக்கிப் போனது. இந்த முடிவு 2016-ல் வெளியானது.

எந்த மண்ணைப் போடுகிறோமோ அந்தக் காடு வரும். எவ்வளவு பெரிய பாடம்!

நாம் செய்யக்கூடியது

சங்கத்துப் பெண்கள் மறுபடி முயல விரும்பினால் என்ன செய்யலாம்?

முதலில், உள்ளூர்ச் செடியைத் தேர்ந்தெடுங்கள். ஆவாரை, விராலி, நொச்சி, இலந்தை, களா, கொழிஞ்சி. இவை இந்த மண்ணுக்குப் பழகியவை. ஆவாரையையும் விராலியையும் ஆடு அவ்வளவாகத் தொடாது. எனவே அவை முதலில் நிலைத்து நிற்கும். அவற்றின் மறைவில் புல் வரும். பிறகு ஆடு விரும்பும் இலந்தை வரும். முன்னே நிற்பவை காவல். பின்னே வருபவை தீவனம்.

இரண்டாவது, அடிமண் எடுங்கள். நன்றாக வளர்ந்த பழைய புதரைப் பாருங்கள். மேலே உள்ள சருகை ஒதுக்குங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் நுனி வேரோடு சேர்த்து மண் எடுங்கள். ஒரே புதரில் நிறைய எடுக்காதீர்கள். பல புதர்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தோண்டிய இடத்தை மூடிச் சருகைப் பரப்புங்கள். வாடிய செடி, நோய் கண்ட செடி வேண்டாம். அந்த நோயும் கூடவே வந்துவிடும்.

மூன்றாவது, அந்த மண்ணை வெயிலில் போடாதீர்கள். ஈரச் சாக்கில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். நாற்றுப் பையில் முக்கால் பங்கு மண் நிரப்புங்கள். அதன் மேல் ஒரு பிடி அடிமண் போடுங்கள். அதன் மேல் விதை. முளைத்த வேர் அந்த மண் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அப்போது பூசணம் பிடித்துக்கொள்ளும். ஆவாரை விதைக்குத் தோல் கடினம். சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, இரவு முழுவதும் ஊற வைத்து விதையுங்கள்.

நான்காவது, நாற்றுக்கு சூப்பர் பாஸ்பேட் உரத்தை அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து எளிதாகக் கிடைத்தால் செடி பூசணத்தைச் சேர்த்துக்கொள்ளாது. வீட்டிலேயே சோறு இருந்தால் யார் கூலிக்கு ஆள் வைப்பார்கள்? பூசணக்கொல்லி மருந்தும் ஊற்ற வேண்டாம். அது நல்ல பூசணத்தையும் கொல்லும்.

ஐந்தாவது, மழைத் தண்ணீரை நிறுத்துங்கள். சரிவுக்குக் குறுக்கே சிறு பள்ளம் வெட்டுங்கள். செடிக்குக் கீழ்ப்புறம் பிறை போல வரப்புப் போடுங்கள். முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள். ஈரம் இல்லாமல் பூசணமும் வேலை செய்யாது.

கடையில் விற்கும் வேம் உரம் பயன்படாதா? பயன்படலாம். ஆனால் அதன் உள்ளே உயிர் இருக்க வேண்டும். பாக்கெட்டில் உள்ள தேதியைப் படித்துப் பாருங்கள். காலாவதியாகி இருந்தால் வாங்காதீர்கள். எழுத்துத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

இரண்டு எச்சரிக்கைகள்

மரம் இல்லாத இடமெல்லாம் பாழ் நிலம் அல்ல. பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டா இருக்கிறது. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க 1894-ல் அங்கே ஏரி கட்டினார்கள். ஏரியை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி. அது வெறும் தரை அல்ல. புல்லும் புதரும் பறவையும் பூச்சியும் சேர்ந்து வாழும் இடம். அதைத் தோண்டி மரம் நட்டால் இருப்பதும் கெடும்.

பழைய ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். எலகங்கா பக்கத்தில் ஜாரகபண்டே காவல் இருக்கிறது. காவல் என்பது மாடு மேய்க்கக் காத்து வைத்த புல்வெளி. மைசூர் அரசர்கள் காலத்தில் அமிர்த மகால் மாடுகளுக்கு இப்படிப் பல காவல்கள் இருந்தன. புல்லும் ஒரு செல்வம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனவே உங்கள் ஊர்த் தரையில் முன்பு என்ன இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். இருந்ததையே திரும்பக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை மனிதர்களைப் பற்றியது. செடி வளர வேண்டுமானால் கொஞ்ச காலம் ஆடு வரக்கூடாது. சரிதான். ஆனால் நிலம் இல்லாதவர்களுக்கு அந்த நாலு ஆடுதான் சொத்து. மகளின் பள்ளிச் செலவும் மருத்துவச் செலவும் அதில்தான். முழுத் தரைக்கும் ஒரே நாளில் வேலி போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? வேலியைத்தான் பிடுங்குவார்கள்.

அதனால் தரையை நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை மட்டும் மூடுங்கள். மூன்று பங்கில் ஆடு மேயட்டும். மூடிய பங்கில் வளரும் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமையை ஆடு வைத்திருப்பவர்களுக்கே கொடுங்கள். இது அரசு நிலம். எனவே கிராம சபையில் பேசி, பஞ்சாயத்தின் அனுமதியோடு செய்யுங்கள். ஆடு மேய்ப்பவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

இது சிறிய விஷயம் அல்ல

நம் நாட்டில் எவ்வளவு நிலம் கெட்டுக் கிடக்கிறது தெரியுமா? விண்வெளித் துறையினர் வானிலிருந்து படம் எடுத்துக் கணக்கிட்டார்கள். 2018-19 கணக்குப்படி சுமார் 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர். நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்கு. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. மேய்ச்சல் தரையின் அருமையை உலகமும் உணரத் தொடங்கியிருக்கிறது.

வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். வளர்ப்பதற்குப் பல ஆண்டு வேண்டும். ஸ்பெயினில்கூட ஐந்து ஆண்டு காத்திருந்தார்கள். அவசரப்பட்டால் நடக்காது. ஆனால் ஒரு புதர் பிழைத்தால் அதன் அடியில் பத்துச் செடி பிழைக்கும்.

சங்கத்துப் பெண்கள் மறுபடி கூடினார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"இந்தத் தடவை எத்தனை செடி நடலாம் பாட்டி?"

"ஆயிரம் வேணாம் கண்ணு. ஐம்பது போதும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடி ஆவாரம் அடிமண் போடு. மிச்சத்தை மண்ணு பாத்துக்கும்."

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊர் மேய்ச்சல் தரையில் முன்பு இருந்த செடிகள் எவை? இப்போது இல்லாதவை எவை?

2. பழைய புதர்கள் இன்னும் எங்கே இருக்கின்றன? அவற்றைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

3. தரையில் ஒரு பங்கை மூடினால் யாருக்குக் கஷ்டம் வரும்? அதை எப்படிச் சரி செய்யலாம்?

4. இரண்டு தம்ளர் சோதனையைச் செய்தீர்களா? என்ன பார்த்தீர்கள்? நோட்டில் எழுதுங்கள்.